வரப்பு வரைக்கும் பாடினோம்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "அந்தக் காலத்துல ஒரு வூட்டுல அலறல் சத்தம் கேட்டா ஊரே ஓடும். இப்ப பட்டப்பகல்ல வெட்டினாலும் நின்னு வேடிக்கை பாக்குறானுங்க." போன மாசம் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோதும் இதைத்தான் பேசினீர்கள். பேப்பரில் வந்திருந்த ஏதோ ஒரு கொலை. நான் வாயைத் திறக்கவில்லை. "இன்னா, எல்லாத்துலயும் முந்திக்கினு பேசுறவ இன்னைக்கி கம்முனு இருக்குறா?" என்று உங்களில் ஒருத்தர் சீண்டினார். அங்கே பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரெண்டாங் கிளாஸோடு நின்றவள் நான்.

ரெண்டாங் கிளாஸ்தான். ஆனால் நாலு சூளை, மூணு லாரி. பாகூர் ரோட்டில் போகும்போது இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள், மெத்தை வீடு என்று எது நின்றாலும் பாதி என் செங்கல். "பொம்பள போட்ட சூளை, ஒரு மழைக்குத் தாங்காது" என்று சிரித்தவர் வீட்டுக்கும் கடைசியில் நான்தான் கல் இறக்கினேன். புருஷன் போன பிறகு எவர் கையையும் எதிர்பார்த்து நான் நின்றதில்லை. சூளைக்குள் கத்தியோடு வந்தவனை விறகுக் கட்டையால் அடித்து விரட்டியவள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் என்னை வேறு மாதிரி நினைப்பீர்கள்.

அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும். பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். பெரிய யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கத்துக்குத் தெற்கே. ஊர்க்கோடி வாய்க்காலைத் தாண்டினால் தென்னாற்காடு ஜில்லா, இங்கிலீஷ்காரன் பூமி. என் அம்மா கொத்துக்காரி. நடவு வந்தால் முப்பது பொம்பளைகளைத் திரட்டிக்கொண்டு போவது அவள்தான். மிராசுதாரின் காரியக்காரரிடம் பேசுவதும் அவள்தான். எல்லாவற்றுக்கும் மேலே, பாட்டு அவளுடையது.

நடவுப் பாட்டை நீங்கள் வரப்பில் நின்று கேட்டிருப்பீர்கள். குனிந்து பாடியவர்களுக்குத்தான் அதன் சட்டம் தெரியும். அம்மா ஒரு அடி எடுப்பாள், மற்ற இருபத்தொன்பது பேரும் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் வேகம்தான் கையின் வேகம். ஒருத்தி விட்டால் அவள் கை பின்தங்கும், வரிசை வளையும், காரியக்காரர் கத்துவார். அதனால் ஆரம்பிப்பதும் அம்மா, நிறுத்துவதும் அம்மா. இன்னொன்று. நடுகிறவர்கள் முன்னால் போவதில்லை. பின்னால் பின்னால்தான் நகர்வோம், நட்ட நாற்றை மிதிக்காமல். முதுகுப் பக்கம் இருக்கிற வரப்பில் குதிகால் இடித்தால் வயல் முடிந்தது. அப்போதுதான் பாட்டு நிற்கும், இடுப்பு நிமிரும்.

அதுவரைக்கும் நான் முடி முடியாகக் கட்டின நாற்றைத் தூக்கிப் போடுகிறவள். அந்தப் புரட்டாசியில்தான் அம்மா என்னை வரிசையில் சேர்த்தாள். தனக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். "பாருடி, இவளவிட இவ புடிச்சிருக்குற நாத்து ஒசரமா இருக்குது" என்று சிரித்தார்கள். நான் மூன்றாம் நாளே அவர்களோடு சமமாக நட்டேன். குரலில் அவர்களை எல்லாம் தூக்கி அடித்தேன். எனக்கென்று பனையோலையில் ஒரு சின்னக் கொங்காணி பின்னித் தந்தாள் அம்மா. தலையையும் முதுகையும் மூடிக்கொண்டு, மழை மேலே சடசடவென்று விழ, உள்ளே ஓலை வாசனையோடு குனிந்து நிற்பது ஒரு தனி வீடு மாதிரி இருக்கும். இன்று தேடினாலும் அப்படி ஒன்று கிடைக்காது. சேற்றுத் தண்ணீர் மேலே வெதுவெதுப்பாக இருக்கும், அடியில் சில்லென்று இருக்கும். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதைக்கூட நான் பெருமையாகத்தான் எல்லாரிடமும் காட்டினேன்.

நான் விட்ட முடி தூக்கும் வேலை புதிதாக வந்த ஒரு அக்காவுக்குப் போனது. இருபது வயசு இருந்தால் அதிகம். சுத்துக்கேணிப் பக்கத்திலிருந்து வந்து, எங்கள் ஊர்க்கோடியில் ஒரு தூரத்துச் சொந்தத்து வீட்டில் தங்கியிருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. "புருசன் எங்கடி?" என்று கேட்டால், "வருவாரு, வருவாரு" என்பாள். அதற்குமேல் பேசமாட்டாள். முப்பது பேரில் ஒருத்தர் பேரும் அவள் தெரிந்துகொள்ளவில்லை. எல்லாருமே அவளுக்கு "யக்கா"தான். என் பேர் மட்டும் தெரியும். அதற்குக் காரணம் ஒரு கடுதாசி.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் கூழ் குடிக்கிற நேரத்தில் நாற்றங்கால் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மடித்து மடித்து நாலாகப் பிய்ந்து போயிருந்தது.

"சைகோன்லேருந்து வந்தது. அங்க ஒரு துரை வூட்டுல வாட்சுமேனா இருக்காரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?"

"ஏன்?"

"சொன்னா நான் இங்க இருக்குறது அங்க தெரிஞ்சிடும்."

எங்கே தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. படித்தேன். ரொம்ப நேரம் எடுத்தது. நான் வர இரண்டு வருஷம் ஆகும். உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணன் சொல்கிறபடி நடந்துகொள்.

"கடைசி வரிய இன்னொரு தரம் படி."

"அண்ணன் சொல்கிறபடி நடந்துகொள்."

அவள் சிரித்தாள். "அவங்க அண்ணன் இன்னா சொல்றாருன்னு இவருக்குத் தெரியாது, பாவம்" என்றாள். எனக்கும் அப்போது தெரியவில்லை. அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன். அந்த அண்ணன் அவளை என்ன கேட்டிருப்பான், எதற்காக அவள் ஓடிவந்தாள் என்று எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். தூறல் விட்டு வெயில் அடித்த ஒரு முன்மத்தியானம். வாய்க்காலை ஒட்டின வயல். பாதி நட்டாகிவிட்டது. அந்த அக்கா எங்கள் முதுகுக்குப் பின்னால் வரப்பில் நின்று முடிகளை வீசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் ரெண்டு ஆள் மாடு பூட்டிச் சேற்றை மட்டப்படுத்தப் பரம்பு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காரியக்காரர் பக்க வரப்பில் குடை பிடித்து நின்றார். தண்ணீர் கட்டுகிறவர் தன் மம்முட்டியை வரப்பில் குத்தி வைத்துவிட்டு எங்கேயோ போயிருந்தார்.

வாய்க்கால் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான்.

"ஏய். வாடி வூட்டுக்கு."

"நான் வரமாட்டேன்."

நடவு நடுகிறவர்களுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. குனிந்தபடியே தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் கால் இடுக்கு வழியாக எல்லாம் தலைகீழாகத் தெரியும். முப்பது பேரும் அப்படித்தான் பார்த்தோம். வானம் கீழே, வரப்பு மேலே. அவன் அவள் கொண்டையைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தான்.

எங்களுக்குப் பக்கத்திலிருந்தவள் பாட்டுக்கு நடுவிலேயே சொன்னாள்: "வந்துட்டான்டி புருசன்."

இன்னொருத்தி, "இத்தன நாளா கேட்டோமே, வருவாரு வருவாருன்னாளே, இதோ வந்துட்டாரு" என்றாள். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மயிரைப் பிடித்து இழுக்கிறவன் புருஷனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்கள் வீடுகளில் பார்த்தது அதுதான். புருஷன் என்று ஆன பிறகு அது வேறு வீட்டுச் சமாச்சாரம் ஆகிவிட்டது. சிரித்தவர்கள் நிம்மதியாகத்தான் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் தெரியும்.

"அம்மா. அது அவங்க புருசன் இல்ல."

"குனி."

"அவங்க புருசன் சைகோன்ல இருக்காரு. காயிதத்த நான்தான் படிச்சேன். இது அவரு அண்ணனாத்தான் இருக்கும்மா."

அம்மா தலையைத் தாழ்த்திக் கால் இடுக்கு வழியாக ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டித் தண்ணீரில் விழுந்தது.

"பாடு" என்றாள். பாட்டை ஒரு கட்டை ஏற்றி எடுத்தாள்.

"வடக்கால மழை எறங்க வாய்க்காலு நெறைஞ்சி வர" என்ற அடி. எல்லாரும் அந்தக் கட்டையில் ஏறி வாங்கினார்கள்.

பின்னால் அவன் மம்முட்டியைப் பிடுங்கிவிட்டான். முதல் அடி அதன் காம்பால் விழுந்தது. அவள், "யக்கா, யாருனா வாங்களேன்" என்று கத்தினாள். முப்பது பேரில் அந்த யாருனா எவள்? ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருப்பவளின் கையைப் பார்த்தாள். கை நட்டுக்கொண்டிருந்தது. சரி, ஒன்றும் இல்லைபோல என்று தன் கையும் நட்டது. பரம்பு ஓட்டினவர்கள் மாட்டை நிறுத்தினார்கள். நிறுத்தி, எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் பாடுவதைப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். காரியக்காரர் குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டார். வெயில் இந்தப் பக்கம் இருந்தது.

அப்புறம் அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே பேர் அது. ரெண்டு தரம் கூப்பிட்டாள். வரிசை முழுக்க அது கேட்டது. மற்றவர்கள் தோளெல்லாம் கொஞ்சம் இறங்கினதை நான் பார்த்தேன். கூப்பிட்டது அவர்களை இல்லை. அம்மா என் பேருக்கு மேலே பாடினாள். நானும் பாடினேன்.

நாங்கள் ஓடிப்போய்விடவில்லை, தூரமாகவும் போகவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பாட்டுக்கு ஒரு அடியாக அவளை நோக்கித்தான் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தோம். ஆரம்பித்தபோது இருபது முழம் இருந்தது. அப்புறம் பதினைந்து, பத்து. சத்தம் கிட்டே வரவர நாங்கள் சத்தமாகப் பாடினோம். நான் நட்ட நாற்று அன்று நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு கட்டத்தில் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. அப்போதும் ரெண்டு முழம் மிச்சம் இருந்தது. அதையும் நட்டு முடித்தோம்.

குதிகால் வரப்பில் இடித்தது. அம்மா பாட்டை நிறுத்தினாள். நிமிர்ந்து, திரும்பினோம்.

அவன் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டு, இங்கிலீஷ்காரன் பூமியில் ஏறி நடந்துபோனான். ஓடக்கூட இல்லை.

அவளுக்கு இன்னும் உயிர் இருந்தது. இதைக் கேளுங்கள். திரும்பின உடனே முப்பது பேரும் பாய்ந்தோம். ஒருத்தி தலையை மடியில் வைத்தாள், ஒருத்தி முந்தானையைக் கிழித்துக் கட்டினாள், ஒருத்தி கையில் தண்ணீர் ஏந்தி ஓடிவந்தாள், பரம்பு ஓட்டினவர் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்கு ஓடினார். அறுபது கை. ஒரு கை வைக்க இன்னொரு கைக்கு இடமில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், கூடப் பிறந்தவளுக்கு அழுவது மாதிரி. அது நடிப்பு இல்லை. வண்டி வருவதற்குள் அவள் போய்விட்டாள். கடைசிவரைக்கும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் மேர் வந்தார். கொம்யூன் என்கிற எங்கள் வட்டாரத்துக்கே பெரியவர் அவர். சிவப்புத் தொப்பிச் சிப்பாய் ரெண்டு பேரும், பிரெஞ்சில் எழுதுகிற குமாஸ்தாவும் கூட வந்தார்கள்.

"யாரு அடிச்சது?"

"அவ புருசன் சாமி" என்றார் காரியக்காரர்.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு பாட்டு நேரம் இருக்குங்க."

"அவ கூப்புடலியா?"

"கேக்கலைங்க. பாடிக்கினு இருந்தாளுங்க."

மேர் அம்மா பக்கம் திரும்பினார். "நீதானே கொத்துக்காரி? நீ இன்னா சொல்ற?"

நான் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "புருசன்னுதான் நெனச்சோம் சாமி" என்றாள் அம்மா. குமாஸ்தா எழுதினார். நாலைந்து பேரிடம் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் தன் பேரை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புருஷன் என்று எழுதி, இல்லாத ஒருத்தனை எவ்வளவு நாள் தேடினார்களோ தெரியாது. அவன் அகப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

போகும்போது காரியக்காரர் அம்மாவிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "உன் பொண்ணு குரலு நல்லா எடுப்பா இருக்குது. அடுத்த வருசம் அவளையே எடுத்துக் கொடுக்கச் சொல்லு." அந்த நேரத்தில்கூட எனக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. பத்து வயசில் குளிர்ந்ததை எண்பது வயசில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் அம்மா என் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "நான் நிறுத்தியிருந்தா நீ ஓடியிருப்ப. அந்த மம்முட்டி உன் தலையில எறங்கியிருக்கும்" என்றாள்.

"நீ நிறுத்தியிருந்தா எல்லாருமே ஓடியிருப்பாங்கம்மா. அவன் ஒருத்தன்தான்."

என் அடுத்த காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எவளாவது ஒருத்தி வாய மூடியிருந்தா நானும் மூடியிருப்பேன்டி. ஒருத்தியும் மூடலியே."

நான் குளத்துக்குப் போனபோது அங்கே துணி துவைத்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்: "கொத்துக்காரியே பாடிக்கினு இருக்கும்போது நாம எப்படி நிறுத்துறது?" என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள்.

வளர்ந்த பிறகு இந்தக் கதையை ரெண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் புருஷனிடம் ஒரு தரம், கூட வேலை செய்த ஒருத்தியிடம் ஒரு தரம். ரெண்டு பேரிடமும், "நான் ஓடத்தான் பாத்தேன், அம்மா என் கையக் கெட்டியாப் புடிச்சிக்கினா" என்று சொன்னேன். அது பொய். அம்மா என்னைப் பிடிக்கவில்லை. அவளுக்கு இடது கையில் நாற்று, வலது கை நட்டுக்கொண்டிருந்தது. வரிசையை விட்டு ஓடினால் மறுபடி முடி தூக்க அனுப்பிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அதுவும் ஒரு நினைப்பாக மனசில் இருந்தது.

அடுத்த வருஷ நடவு. அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். என்னிடம் விடச் சொல்லிக் காரியக்காரர் கேட்டும் கொடுக்கவில்லை. பழைய மாதிரி குரல் ஏறவில்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வயல். பாட்டு பாதியில் இருக்கும்போது வரிசையின் அந்தக் கோடியிலிருந்த என் சின்னம்மா, சாதாரணமாக வாய்விட்டுப் பேசவே மாட்டாள், "ஐயோ பாம்பு!" என்று ஒரு கத்து கத்தினாள்.

பாட்டு அறுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாற்றைப் போட்டுவிட்டு, நட்ட பயிரையெல்லாம் மிதித்துக்கொண்டு, சேறு தெறிக்க எல்லாரும் வரப்புக்குப் பாய்ந்தோம். கண் மூடித் திறக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. எதிலும் முந்துகிறவள் நான். அன்றும் முதலில் வரப்பில் ஏறி நின்றவள் நான்தான்.

திரும்பிப் பார்த்தால் அம்மா மட்டும் வயலுக்கு நடுவில் நின்றாள். வெறும் சாரைப் பாம்பு. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கீறிக்கொண்டு போய், எதிர் வரப்பில் ஏறி மறைந்தது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. வரப்பில் வரிசையாக மூச்சு வாங்க நின்ற எங்கள் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப உங்கள யாரு நிறுத்தச் சொன்னா?" என்று கேட்டாள்.

காரியக்காரர், "போயிடுச்சி, எறங்குங்கடி" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் இறங்கவில்லை. அம்மாவின் கண் வரிசை முழுக்க வந்து கடைசியில் என்மேல் நின்றது.

"நீ நல்லாத்தான்டி ஓடுற" என்றாள்.